கடல் கடந்து ரக்பி ஆடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டவையாக இருந்தாலும், ஒரே விஷயத்தைப் பற்றியே பேசுகின்றன. ரக்பியைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்திற்காக ஆடுகிற ஒருவர், வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் ஒரு பருவம் ஆடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே அது. மற்ற விளையாட்டுகளைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்துக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் கண்டியில் பாடசாலை அணியிலும், பின்னர் ஒரு கிளப்பின் இரண்டாவது அணியிலும் ஹூக்கராக (முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைக் காலால் இழுப்பவராக) ஆடியிருக்கிறேன். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகச் செல்கிறேன். மாணவர் விசாவில் செல்பவர்கள் விளையாட்டில் ஈடுபடத் தடை உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஓராண்டு பந்தைத் தொடாமலே இருக்க வேண்டியதுதானா? – வாசகர், கண்டி.

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பிரிட்டனின் மாணவர் விசாவில், தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ பணியாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஆனால் தன் மகிழ்ச்சிக்காக மட்டுமே ஆடி, அந்த ஆட்டத்தைப் பிழைப்புக்கு வழியாகக் கொள்ளாத ஒருவரை அந்நாட்டுக் குடிவரவு விதிகள் 'அமெச்சூர்' என்று தனியாகவே வரையறுத்திருக்கின்றன. அவருக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் கிளப்புக்கு ஆண்டுச் சந்தாவும் ஆட்டத்திற்கு ஆட்டம் ஒரு சிறு கட்டணமும் செலுத்தி, சனிக்கிழமை மாலையில் சேறு படிந்த சட்டையோடு விடுதிக்குத் திரும்புகிறவரை, உங்களை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. தொழில்முறை வீரர் என்பதற்கு அங்கே தரப்படும் பொருள், நம் ஊரில் நாம் நினைப்பதைவிட விரிவானது. கையில் பணம் வாங்கினால்தான் தொழில்முறை என்பதில்லை. இலவச வீடு, விமானச் சீட்டு, கார் என்று பொருளாகக் கிடைப்பவையும் கணக்கில் சேரும். பயணத்திற்கும் அங்கே வாழ்வதற்கும் ஆகும் செலவை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ ஆட்டமே ஈடுகட்டுமானால், நீங்கள் உங்களை எப்படி அழைத்துக்கொண்டாலும், விதியின் கண்ணில் நீங்கள் அமெச்சூர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தால் ஏதோ கொஞ்சம் தருகிறோம் என்று கிளப்பார் அன்போடு கேட்கக்கூடும். அதையும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

இந்த 'அமெச்சூர்' என்ற சொல்லுக்காக அந்தப் பகுதி மக்கள் ஒரு காலத்தில் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீட்ஸுக்கு அருகிலுள்ள ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் 1895 ஆகஸ்ட் 29 அன்று கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள், ஆட்டத்திற்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டதால் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தன. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அப்படிப் பிறந்தது. நீங்கள் ஆடும் ரக்பி யூனியன், நூறாண்டு கழித்து 1995 ஆகஸ்டில்தான் வீரர்களுக்கு ஊதியம் தர அனுமதித்தது. லீட்ஸில் இரண்டு ஆட்டங்களுக்கும் கிளப்புகள் உண்டு என்பதால், மின்னஞ்சல் அனுப்பும் முன்பு அந்தக் கிளப் எதை ஆடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீக்கில் பதின்மூன்று பேர்தான். ஹூக்கர் என்ற பெயர் அங்கேயும் உண்டு என்றாலும், இரு அணியினரும் தோள் கோத்து ஒருவரையொருவர் தள்ளிப் பந்தைப் பெறுகிற, நீங்கள் பழகிய ஸ்க்ரம் அங்கே கிடைக்காது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்கள் புதன்கிழமை பிற்பகலிலும், கிளப் ஆட்டங்கள் சனிக்கிழமையிலும் நடப்பதால், உடம்பு தாங்குமானால் இரண்டிலும் ஆடலாம். கிளப் பயிற்சி பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலைகளில் இருக்கும். பருவம் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அதற்கு முந்தைய ஆயத்தப் பயிற்சி ஜூலையிலேயே தொடங்கிவிடும். ஆகவே மே அல்லது ஜூன் மாதத்திலேயே, நீங்கள் தங்கப்போகும் பகுதியிலிருந்து பேருந்தில் எளிதாகப் போய்வரக்கூடிய இரண்டு மூன்று கிளப்புகளின் செயலாளருக்கு எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வயது, உயரம், எடை, அணியில் ஆடும் இடம் (ஹூக்கர் என்பது போல), எந்த அணியில் எத்தனை பருவம் ஆடினீர்கள், எந்தத் தேதியில் வருகிறீர்கள், எந்த விசாவில் இருப்பீர்கள் என்பவை போதும். வீடியோ அனுப்புவதென்றால், பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடக் காட்சியைவிட, வெட்டப்படாத ஒரு முழு ஆட்டத்தையே பயிற்சியாளர்கள் விரும்புவார்கள்; டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) தவறிய பிறகு நீங்கள் எழுந்து ஓடினீர்களா என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

உங்கள் தரத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இங்கிலாந்தில் பிரீமியர்ஷிப்பிலிருந்து கவுண்டி அளவிலான பிரிவுகள் வரை பல படிகள் உண்டு. ஒரே கிளப்பிலேயே மூன்று நான்கு அணிகள் இருக்கலாம். கூட்டி எழுதி முதல் அணிப் பயிற்சியில் போய் மாட்டிக்கொள்வதைவிட, மூன்றாவது அணியில் தொடங்கி நான்கு வாரத்தில் மேலே ஏறுவது மரியாதையாகவும் இருக்கும், விலா எலும்புக்கும் நல்லது. மேலும், நீங்கள் ஹூக்கர் என்பது உங்களுக்குப் பெரிய சாதகம். ஸ்க்ரம்மின் முன்வரிசையில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே நிற்கலாம் என்பது விதி. ஆள் குறைந்தால் தள்ளாமல் பேருக்கு ஸ்க்ரம் போட வேண்டியதாகிவிடும். கீழ்நிலை அணிகளுக்கு இந்தப் பஞ்சம் ஓயாதது. 'நான் விங்கில் ஓடுவேன்' என்று வரும் கடிதத்துக்கு அடுத்த வாரம் பதில் வரும்; 'நான் ஹூக்கர்' என்று வரும் கடிதத்துக்கு அன்றிரவே வரும்.

கண்டியின் மைதானங்களில் பழகிய காலணி அங்கே போதாது. நவம்பருக்குப் பிறகு தரை சேறாகிவிடும் என்பதால் திருகி மாட்டும் உலோகக் குமிழ்கள் கொண்ட காலணி தேவைப்படும். பயிற்சி செயற்கைப் புல்லில் நடந்தால் சாதாரணக் குமிழ்க் காலணியும் வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடுவதால் ஆட்டங்களை இரண்டு மணியளவிலேயே தொடங்கிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் குளித்துவிட்டு அறைக்கு ஓடிவிடாதீர்கள். எதிரணியோடு சேர்ந்து கிளப் கூடத்தில் சாப்பிடுவது அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி. மது அருந்தாதவர் என்றால் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: எனக்கு வயது 25, பெட்டாலிங் ஜெயாவில் வசிக்கும் மலேசியத் தமிழன். நியூசிலாந்தில் ஒரு பருவமாவது ஆட வேண்டும் என்பது சிறு வயது ஆசை. ஆனால் என் எடை 78 கிலோதான். அந்த மலைபோன்ற மனிதர்களிடையே எனக்கு இடம் கிடைக்குமா? எந்த விசாவில் போவது? – வாசகர், பெட்டாலிங் ஜெயா.

பதில்: எடையைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கவலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நியூசிலாந்துக் கிளப் ரக்பியில் 85 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு 2020 முதல் தேசியக் கோப்பையும் உண்டு. வேகமும் கைத்திறனும் நிறைந்த ஆட்டம் அது. அதில் ஆடுகிறவர்களை யாரும் இரண்டாந்தரமாக நினைப்பதில்லை. ஆக்லாந்து போன்ற பெருநகரங்களில் இந்தப் பிரிவில் அணிகள் அதிகம் என்பதால், உங்கள் ஊர்த் தேர்வையே இதை வைத்துச் செய்யலாம். சிற்றூர் ஒன்றின் கிளப்பில் சேர்ந்தால் அங்கே முதல் அணியும் மாற்று அணியும் மட்டுமே இருக்கக்கூடும். அப்போது 110 கிலோ பண்ணையாளர் ஒருவர் உங்களை நோக்கி ஓடிவருவதை நீங்கள் தவிர்க்க முடியாது.

விசா விஷயத்தில் மலேசியக் கடவுச்சீட்டு உங்களுக்குக் கைகொடுக்கிறது. பதினெட்டு முதல் முப்பது வயது வரையுள்ள மலேசியர்களுக்கு நியூசிலாந்து, வேலை செய்துகொண்டே விடுமுறையைக் கழிக்கும் விசாவை ஆறு மாதத்திற்கு வழங்குகிறது. அதில் இடங்கள் ஆண்டுதோறும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் போதாது என்று வருந்த வேண்டாம். கிளப் பருவம் மார்ச் இறுதி அல்லது ஏப்ரலில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் முடிந்துவிடுகிறது. பிப்ரவரி இறுதியில் போய் இறங்கினால் ஆயத்தப் பயிற்சியிலிருந்து இறுதியாட்டம் வரை எல்லாமே அந்த ஆறு மாதத்திற்குள் அடங்கும். ஜூனில் போய் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் வேலியோரத்தில் நின்று ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

இந்த விசாவின் நோக்கம் விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். பண்ணையிலோ கட்டுமானத்திலோ இறைச்சி ஆலையிலோ கிடைக்கும் வேலைதான் உங்கள் வயிற்றுப்பாட்டுக்கு. ரக்பி அதற்கு மேலே வைத்த வெல்லக்கட்டி. நல்ல வேளையாக, அந்த நாட்டுக் கிளப்புகளில் வேலை தேடித் தருவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. தலைவர் ஒரு தச்சராக இருப்பார், செயலாளரின் மைத்துனர் பால்பண்ணை வைத்திருப்பார். நவம்பர் முதல் ஜனவரிக்குள் கிளப்புக்கு எழுதும்போது, எந்த வேலையும் செய்யத் தயார் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். வீட்டையும் முதல் வாரமே நிரந்தரமாக எடுக்காமல், பயிற்சி மைதானத்தைப் பார்த்த பிறகு எடுங்கள். இரவுப் பயிற்சி முடிந்தபின் பேருந்து கிடைக்காத ஊர்கள் அங்கே ஏராளம்.

கேள்வி: கோயம்புத்தூரில் நண்பர்களோடு ரக்பி ஆடி வருகிறேன், வயது 24, பொறியியல் பட்டதாரி. ஒரு முகவர், மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தால் இங்கிலாந்தின் கிராமக் கிளப் ஒன்றின் மூலம் 'விளையாட்டு விசா' வாங்கித் தருவதாகவும், கிளப்பே வீடும் கைச்செலவுப் பணமும் தரும் என்றும் சொல்கிறார். நம்பலாமா? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: நம்ப வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். பிரிட்டனில் விளையாட்டு வீரர்களுக்கான விசா ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கிளப்பிடம் அரசு வழங்கிய புரவலர் உரிமம் இருக்க வேண்டும், அதோடு அந்த ஆட்டத்தின் ஆளும் சங்கம் 'இவர் உயர்மட்ட வீரர்' என்று ஒப்புதல் அளிக்க வேண்டும். கிராமக் கிளப்பின் இரண்டாவது அணிக்காக அத்தகைய ஒப்புதல் கிடைக்காது. வீடும் கைச்செலவும் கிளப் தரும் என்று அவர் சொன்னதைக் கண்டி வாசகருக்கு நான் எழுதிய பதிலோடு சேர்த்துப் படியுங்கள்: அமெச்சூர் என்று சொல்லிச் செல்கிறவரைத் தொழில்முறை வீரராக்கிவிடும் ஏற்பாட்டையே அவர் ஒரு சலுகையாக விற்கிறார். பிடிபட்டால் விசா போவது உங்களுக்குத்தான், முகவருக்கு அல்ல.

முகவர் இல்லாமலே உங்களுக்கு வழிகள் உண்டு. பட்டம் பெற்ற, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்குப் பிரிட்டன் ஆண்டுக்கு 3,000 இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, இரண்டாண்டு தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் இளம் தொழில்வல்லுநர் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வங்கியில் 2,530 பவுண்டு இருப்பு காட்ட வேண்டும். அதிலும் தொழில்முறை விளையாட்டுக்குத் தடை உண்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்கு இல்லை. ஆஸ்திரேலியாவும் 2024 முதல் இந்தியர்களுக்கு, வேலையோடு விடுமுறை என்ற விசாவை ஆண்டுக்கு 1,000 பேருக்குக் குலுக்கலில் தருகிறது. இவை இரண்டும் கிடைக்காவிட்டாலும், பிரிட்டனின் சாதாரண வருகையாளர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கி, அனுபவத்திற்காக ஒரு அமெச்சூர் கிளப்பில் சேர்ந்து ஆட விதி இடம் தருகிறது. ஆனால் வேலை செய்ய முடியாது. செலவு முழுவதும் உங்கள் பையிலிருந்தே போக வேண்டும். முகவர் கேட்ட மூன்று லட்சத்தை அதற்கு வைத்துக்கொண்டால் ஓரளவு காலம் தாக்குப்பிடிக்கலாம் என்பது என் கணக்கு.

இந்தியாவிலிருந்து வருகிறவரிடம் கிளப் கூடத்தில் கல்கத்தா கோப்பையைப் பற்றி யாராவது ஒருவர் பேச்செடுக்கக்கூடும். கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய கிளப் ஒன்று கலைந்தபோது, வங்கியில் மீந்திருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகளும் மூடியில் ஒரு யானையும் கொண்ட அதற்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு போனால் முதல் நாள் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

கேள்வி: என் மகன் நியூசிலாந்திலோ இங்கிலாந்திலோ ரக்பி ஆடப் போகிறேன் என்று நிற்கிறான். போகட்டும், ஆனால் கழுத்திலோ தலையிலோ அடிபட்டால் அந்நிய மண்ணில் யார் பார்ப்பார்கள்? மருத்துவச் செலவு என்னாகும்? – ஒரு தாய், கிள்ளான்.

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பதைத்தான் உங்கள் மகன் முதலில் கேட்டிருக்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, இரண்டு நாடுகளும் இரண்டு விதம். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. யார் மேல் தவறு என்று பார்க்காமல், விபத்தால் ஏற்படும் காயத்திற்கான சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அது ஏற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவருக்கும் இது பொருந்தும், ரக்பி மைதானத்தில் முறிந்த எலும்பும் இதில் அடங்கும். அங்கே வேலை பார்த்து வரி கட்டுகிறவராக இருந்தால், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வருமானத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கவும் வழியுண்டு. ஆனால் காய்ச்சல் போன்ற நோய்க்கு அது உதவாது. காலில் மாவுக்கட்டோடு மூன்று இருக்கைகளில் படுத்துக்கொண்டு கோலாலம்பூர் திரும்பும் செலவையும் அது தராது. அதற்குப் பயணக் காப்பீடு வேண்டும். பெரும்பாலான பயணக் காப்பீடுகள் உடல் மோதும் விளையாட்டுகளை விலக்கியே எழுதப்பட்டிருக்கும் என்பதால், பத்திரத்தில் ரக்பி என்ற சொல் உட்படுத்தப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

இங்கிலாந்துக்கு மாணவராகச் சென்றால், விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகு அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்க மாட்டார்கள். கிளப்பின் காப்பீடு என்பது வாழ்நாள் முழுவதும் முடக்கிவிடும் பெருங்காயங்களை முன்னிட்டு எடுக்கப்படுவது. முட்டி விலகியதற்கும் பல் உடைந்ததற்கும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

தலைக்காயத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆட்டத்தை நடத்துகிறவர்களும் இப்போது அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2023 முதல், சமூக மட்டத்து ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டேக்கிள் செய்ய வேண்டும். நியூசிலாந்துக் கிளப் ஆட்டங்களிலும் டேக்கிளின் உயரத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அங்கே நடுவர் நீல அட்டை காட்டினால், வீரருக்குத் தலையதிர்ச்சி இருக்கலாம் என்று பொருள். அவர் வெளியேறியே ஆக வேண்டும், மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வர முடியாது. இரு நாடுகளின் வழிகாட்டுதல்களிலும் குறைந்தது 21 நாள் போட்டிக்கு வரக் கூடாது என்றிருக்கிறது. மகனிடம் ஒன்றை மட்டும் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்: தலை சுற்றினால் அதைப் பயிற்சியாளரிடம் மறைக்கக் கூடாது. அந்நிய ஊரில் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இளைஞர்கள் மறைப்பது அதைத்தான்.

கேள்வி: நான் கொழும்பில் ஆடும் கிளப்பின் செயலாளர், நான் வெளிநாடு போவது பிடிக்காமல் தடையில்லாச் சான்று தர முடியாது என்கிறார். அது இல்லாமல் அங்கே ஆட முடியாதா? சம்பளம் வாங்காதவனுக்கு அது எதற்கு? – வாசகர், கொழும்பு.

பதில்: முடியாது. உலக ரக்பி அமைப்பின் நான்காவது ஒழுங்குவிதிப்படி, ஒரு நாட்டுச் சங்கத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்குப் போகிற எந்த வீரரும், அவர் சம்பளம் வாங்குகிறவரோ இல்லையோ, முந்தைய சங்கத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஒரு நாட்டில் தடை விதிக்கப்பட்டவர் இன்னொரு நாட்டில் போய்ப் புதியவராக நிற்கக் கூடாது என்பதும் இதன் காரணங்களில் ஒன்று. அந்த அனுமதி இல்லாமல் உங்களைக் களமிறக்கினால் புதிய கிளப்புக்குப் புள்ளிகள் பறிபோகலாம். ஆகவே அவர்களே அதை முதலில் கேட்பார்கள்.

ஆனால் உங்கள் செயலாளர் தன் கையில் இருப்பதைவிடப் பெரிய சாவி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அனுமதியை வழங்குவது நாட்டுச் சங்கம். கிளப்பின் கருத்தை அது கேட்கும், அவ்வளவுதான். நீங்கள் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருப்பதும், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கையோ ஆட்டத் தடையோ நிலுவையில் இருப்பதும் அனுமதியை நிறுத்திவைக்கத் தகுந்த காரணங்கள். உங்களை இழக்க மனமில்லை என்பது அந்தக் காரணங்களில் வராது. புதிய கிளப்பைத் தன் நாட்டுச் சங்கத்தின் வழியாக விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கொழும்புக்குக் கடிதம் வரும்போது பேச்சு வேறு தொனிக்கு மாறும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால், விமானம் ஏறிய பிறகு தொடங்காமல் இப்போதே தொடங்குங்கள். கட்டாத சந்தாவோ திருப்பித் தராத ஜெர்சியோ இருந்தால் இந்த வாரமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.